மாஸ்க்வா நதியைப் பாட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள்: ஜெர்மன் ராக் இசைக்குழுவான ஸ்கார்பியன்ஸுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளவுஸ் மைனே, ருடால்ஃப் ஷெங்கர், மத்தியாஸ் யாப்ஸ் மற்றும் குழுவினருக்கு,

2022 மார்ச் கடைசியில் லாஸ் வேகாஸ் மேடையில் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்' (மாற்றத்தின் காற்று) பாட்டின் தொடக்க வரிகளை மாற்றிப் பாடினீர்கள். மாஸ்கோவில் மாஸ்க்வா நதியை ஒட்டி கார்க்கி பூங்காவுக்குப் போகும் வரிகள் போய், உக்ரைனை நினைத்து உங்கள் இதயம் பேசும் வரிகள் வந்தன. ரஷ்யாவை அழகுபடுத்திக் காட்டும் வரிகளை இனியும் பாடுவது சரியில்லை என்று ஜெர்மன் பத்திரிகைக்கு நீங்கள் சொன்ன காரணத்தையும் படித்தேன். ஒரு மேடைக்கு, ஒரு மாதத்துக்கு என்றால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். போர் தொடங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, யாருக்கும் அப்படிப் பாடத்தான் தோன்றும். ஆனால் அன்றைக்குச் செய்த மாற்றம் அப்படியே தங்கிவிட்டது. பழைய வரிகள் பழைய இசைத்தட்டில் மட்டும் இருக்கின்றன. இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

உக்ரைன் மீது ரஷ்ய அரசு நடத்துவது அநியாயப் போர். அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. மேடையில் நீங்கள் உக்ரைன் பெயரைச் சொன்னது நல்ல காரியம். அதை யார் குறை சொன்னாலும் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன். ஆனால் உக்ரைனுக்கு இடம் கொடுப்பதற்காக யாரை எழுப்பி அனுப்பினீர்கள் என்று பாருங்கள். 1989 ஆகஸ்டில் மாஸ்கோவில் இருந்த பிள்ளைகளை எழுப்பி அனுப்பிவிட்டீர்கள். அவர்களில் நானும் ஒருவன்.

நான் பாளையங்கோட்டையில் மருத்துவராக இருக்கிறேன். 1988 முதல் 1995 வரை மாஸ்கோவில், பாத்ரிஸ் லுமும்பா பல்கலைக்கழகத்தில் படித்தேன். எங்கள் தலைமுறைத் தமிழர் பலருக்கு மாஸ்கோ என்றால் சோவியத் நாட்டின் முன்னேற்றப் பதிப்பகம் போட்ட கெட்டி அட்டைப் புத்தகம், நியூ செஞ்சுரி புத்தகக் கடை, எழுத்தாளர் மாக்சிம் கார்க்கி என்ற பெயர். அங்கே போய் இறங்கிய பிறகு கார்க்கி என்பது ஞாயிற்றுக்கிழமை மாலை போகிற பூங்காவின் பெயராகிவிட்டது. எங்கள் விடுதிப் பக்கம் யூகோ ஸபத்னயா நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாற வேண்டியதில்லை. நீங்கள் பாடிய அரங்கத்துக்கு ஸ்போர்தீவ்னயாவில் இறங்க வேண்டும். இன்னும் கொஞ்சம் போய் பார்க் குல்தூரியில் இறங்கிப் பாலத்தைக் கடந்தால் பூங்கா. குளிர்காலத்தில் அதன் நடைபாதைகளில் தண்ணீர் விட்டு உறைய வைத்து, ஊரே சறுக்கு விளையாடும். கோடையில் பெஞ்சுக்கு ஒரு கிட்டார் இருக்கும். பெரும்பாலும் சோவியத் ராக் பாடகர் விக்தர் த்சோயின் பாட்டுகள்தான். மாற்றம் வேண்டும் என்று நெஞ்சு கேட்கிறது, கண்கள் கேட்கின்றன என்று பாடும் அவருடைய 'கினோ' குழுவின் பாட்டை அந்தப் பிள்ளைகள் நீங்கள் வருவதற்கு முன்பே மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். இதை நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றத்தின் காற்றை மாஸ்கோவுக்கு நீங்கள் கொண்டு வரவில்லை. அங்கே வீசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுப் போய் எழுதினீர்கள். அந்த நேர்மைதான் பாட்டின் பலம்.

1989 ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் லெனின் அரங்கத்தில் நடந்த மாஸ்கோ இசை அமைதித் திருவிழாவுக்கு நான் வந்திருந்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகக் காசு இல்லாததால் அந்தக் கோடை முழுக்க விடுதியில்தான் இருந்தேன். எங்கள் விடுதியில் வெளிநாட்டு மாணவர்களோடு சோவியத் மாணவர்களும் சேர்ந்து தங்குவார்கள். என் அறைத்தோழன் கார்கிவ் நகரத்துக்காரன், உக்ரைனியன். யார் யாரையோ பிடித்து இரண்டாம் நாளுக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வந்தவன் அவன்தான்.

பான் ஜோவி, ஓஸி ஆஸ்போர்ன், மாட்லி க்ரூ, ஸ்கிட் ரோ, சிண்டெரெல்லா, உள்ளூர் 'கார்க்கி பார்க்' குழு, நீங்கள் என்று அன்றைக்கு மேடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. என் நினைவில் அழியாமல் நிற்பது மேடைக்குக் கீழே நடந்தது. மேடைக்கும் எங்களுக்கும் நடுவே சீருடைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள், முகம் எங்களைப் பார்த்து, முதுகு உங்களைப் பார்த்து. எங்களுக்கு நேர் எதிரே நின்ற சிப்பாய்க்குப் பத்தொன்பது வயது இருந்தால் அதிகம். தொப்பிக்குக் கீழே இரண்டு காதும் விடைத்துக்கொண்டு நிற்கும். நீங்கள் பாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவன் பூட்ஸ் முனை தாளம் போட்டது. அப்புறம் தோள் ஆடியது. முகத்தை மட்டும் கல் மாதிரி வைத்திருந்தான். பிறகு ஒரு கட்டத்தில் உடம்போடு மேடைப் பக்கம் திரும்பிவிட்டான். பக்கத்தில் நின்ற அதிகாரி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பாட்டு போவதற்குள் அந்த வரிசையில் பாதிப் பேருடைய முகம் எங்களுக்குத் தெரியவில்லை.

காவலுக்கு நின்ற செஞ்சேனைச் சிப்பாய்கள் மேடையைப் பார்த்துத் திரும்பி ரசிகர்களானார்கள், அதைக் கண்ணால் கண்டதுதான் பாட்டுக்கு விதை என்று நீங்கள் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறீர்கள். அது உண்மை. மேடைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதற்குச் சாட்சி நான். பாட்டில் வரும் ஆகஸ்ட் இரவு, கடந்துபோகும் சிப்பாய்கள் எல்லாம் வெறும் அலங்கார வரிகள் கிடையாது. எங்கள் கண் முன்னால் நடந்தவை. மற்றக் குழுக்களோடும் பத்திரிகையாளர்களோடும் சிப்பாய்களோடும் ஒரே படகில் நதியில் போய்ப் பூங்காவில் இறங்கியதையும் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தத் தொடக்க வரிகள் நடந்த காரியத்தின் பதிவு. அதில் ரஷ்ய அரசைப் புகழும் ஒரு சொல்லைக் காட்டுங்கள் பார்ப்போம். கிரெம்ளின் இல்லை, கொடி இல்லை, தலைவர் பெயர் இல்லை. ஒரு நதி, ஒரு பூங்கா, ஒரு கோடை இரவு, கொஞ்சம் இளைஞர்கள். இதில் அழகுபடுத்தல் எங்கே இருக்கிறது?

பாட்டு 1990 நவம்பரில் 'கிரேஸி வேர்ல்ட்' ஆல்பத்தில் வந்தது. எங்களுக்குக் கிடைத்தது 1991 வசந்தத்தில், மெட்ரோ வாசல் கடையில் விற்ற பதிவெடுத்த கேசட்டில். மேலே பேனாவால் ரஷ்ய எழுத்தில் உங்கள் குழுவின் பெயர். விடுதியில் ஹெவி மெட்டல் கேட்கிற பையன்கள் பவர் பாலட் என்றால் முகம் சுளிப்பார்கள். மெதுவாகத் தொடங்கி, டிரம்ஸ் சேர்ந்து, கோரஸில் பொங்கி, கிட்டார் சோலோவில் அழவைக்கிற சூத்திரம் என்பார்கள். பெண் பிள்ளைகளுக்காகப் போடுகிற பாட்டு என்பார்கள். உங்கள் வன்மையான பாட்டுகளை விட்டுவிட்டு உலகம் உங்களை மெதுவான பாட்டுகளுக்காகத்தான் நினைவு வைத்திருக்கிறது என்ற குறை இன்றைக்கும் உண்டு. எனக்கு அந்தக் குறை புரிந்ததே இல்லை. கத்திப் பாடும் பாட்டைக் கூட்டம் கேட்கும். இந்தப் பாட்டையோ கூட்டமும் சேர்ந்து பாடும். கிட்டார் தொடத் தெரியாதவனும் பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்தச் சீழ்க்கையை அடிப்பான். என் அறைத்தோழன் விடுதித் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த பொதுச் சமையலறையில் உருளைக்கிழங்கு வறுக்கும்போது அதைத்தான் அடிப்பான். ஒரு வாரத்தில் அங்கோலாக்காரன், வங்கதேசத்துக்காரன், நான், எல்லோருக்கும் அது தொற்றிவிட்டது.

ஜெர்மனியில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம். அமெரிக்காவில் நான்காம் இடத்தைத் தொட்டபோது 1991 ஆகஸ்ட் முடியப்போகிறது. அதே மாதம் 19ஆம் தேதி எங்கள் ஊரில் தொலைக்காட்சியைப் போட்டால் 'ஸ்வான் லேக்' பாலே நடனம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் டாங்கிகள். சோவியத் அதிபர் கோர்பச்சோவுக்கு எதிரான ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. வெளிநாட்டு மாணவர்கள் விடுதியை விட்டு நகரக் கூடாது என்றார்கள். அறைத்தோழன் கேட்கவில்லை. வெள்ளை மாளிகை என்று சொல்லும் ரஷ்யக் குடியரசின் நாடாளுமன்றத்தைக் காக்க மனிதச் சுவராக நின்றவர்களோடு போய் நின்றான். 20ஆம் தேதி இரவு மழை. மறுநாள் காலையில் நனைந்த காலணியோடு வந்து, கட்டிலில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தான். அன்றிரவு கார்டன் ரிங் சாலையின் சுரங்கப் பாதையில் தீமீத்ரி கோமர், விளாதீமிர் ஊஸவ், இல்யா க்ரிச்சேவ்ஸ்கி என்ற மூன்று இளைஞர்கள் இறந்துபோனார்கள். ஆட்சிக் கவிழ்ப்பு தோற்றது. உலகம் உங்கள் பாட்டை பெர்லின் சுவர் விழுந்த பாட்டு என்று நினைக்கிறது. சுவர் விழுந்த காட்சிகளோடு சேர்த்தே எல்லா ஆண்டு நிறைவிலும் போடுகிறார்கள். எங்களுக்கோ அது அந்த மூன்று நாளின் பாட்டு. அந்த டிசம்பரில் கோர்பச்சோவ் உங்களைக் கிரெம்ளினுக்கு அழைத்துப் பேசினார். மாதம் முடிவதற்குள் அவர் பதவியும் போய், நாடும் போனது.

இப்போது என் மனக்குறையின் மையத்துக்கு வருகிறேன்.

2022 மார்ச் 18. நீங்கள் பாடிய அதே அரங்கம், இன்றைய லுஷ்னிகி. அங்கே புதின் ஒரு பெருங்கூட்டத்தைக் கூட்டி, கொடிகளுக்கு நடுவே நின்று போரை ஆதரித்துப் பேசினார். அந்தக் காட்சியைப் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்தேன். காது விடைத்த அந்தச் சிப்பாய் நின்ற மைதானம் அது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் வேறொன்றும் நடந்தது, சீருடைக்காரனே முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று உலகத்துக்கு நினைவூட்ட, நாடு நாடாகத் தெரிந்த ஒரு சான்று இருந்தது. அது உங்கள் பாட்டு. அதே மார்ச் முடிவதற்குள் அந்தச் சான்றிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்துவிட்டீர்கள். அரங்கத்தை அவர் எடுத்துக்கொண்டார், நதியையும் பூங்காவையும் நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள். உங்கள் எண்ணம் அதுவாக இல்லை என்று தெரியும். விளைவு அதுதான்.

மாஸ்கோ என்பது ஆட்சியாளருக்கு மட்டும் சொந்தம் என்று ஒத்துக்கொண்டால், அங்கே போரை எதிர்த்தவர்களை என்ன செய்வது? போர் தொடங்கிய முதல் வாரங்களிலேயே ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். இராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' சொன்னால் பதினைந்து ஆண்டு வரை சிறை என்று அதே மார்ச்சில் சட்டம் வந்தது. மாஸ்கோவின் ஒரு வட்டார மன்ற உறுப்பினர் அலெக்ஸெய் கோரீனவ், மன்றக் கூட்டத்தில் போரை எதிர்த்துப் பேசியதற்காக அந்த ஜூலையில் ஏழு ஆண்டு தண்டனை பெற்றார். 1989இல் அந்தப் பூங்காவில் சுற்றிய தலைமுறையில் இப்படிப்பட்டவர்களும் உண்டு. போருக்குக் கைதட்டுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. நீங்கள் பாடியது முதல் வகையினரின் இளமையை. அவர்கள் இன்று சிறையிலும் வெளிநாட்டிலும் வாய் பூட்டிய வீட்டிலும் இருக்கும்போது அவர்களுடைய அந்த இரவையும் சேர்த்து எடுப்பது என்ன நியாயம்?

உக்ரைனியர் என்ன நினைப்பார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் அறைத்தோழனின் அம்மா கார்கிவின் சல்தீவ்கா பகுதியில் இருந்தார். குண்டுவீச்சில் ஜன்னல் எல்லாம் போய், வாரக்கணக்கில் மெட்ரோ நிலையத்தில் தங்கினார். அந்த நாள்களில் பாட்டைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? வெகு நாள் கழித்து ஒரு தொலைபேசிப் பேச்சில் அவனே எடுத்தான். "உக்ரைன்னு சொன்னது எனக்குப் பிடிச்சுது. ஆனா அந்த ராத்திரி நானும்தானே அங்க இருந்தேன், அதை எதுக்கு எடுத்தாங்க?" என்றான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது. 1989இன் மாஸ்கோவில் கார்கிவ்காரன் இருந்தான், திபிலீசிக்காரன் இருந்தான், வில்னியூஸ், தாஷ்கந்து, எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வரிகளை 'ரஷ்யா' என்று பெயரிட்டு ஒதுக்கும்போது அவர்களும் சேர்ந்து போகிறார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவன் தங்கைக்கு மாஸ்கோ என்ற பெயரே காதில் விழக் கூடாது. கார்கிவிலும் ஒரு கார்க்கி பூங்கா இருந்தது, 2022இல் ரஷ்யக் குண்டுகள் அதையும் விடவில்லை. பிறகு அந்தப் பெயரையே ஊர்க்காரர்கள் எடுத்துவிட்டார்கள். அந்தத் தங்கையோடு வாதாட எனக்கு உரிமை இல்லை. அது அவர்கள் ஊர், அவர்கள் முடிவு. உங்கள் பாட்டு அப்படி ஒரு ஊருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை, அதனால்தான் உங்களோடு வாதாடுகிறேன்.

பழைய பாட்டு பழைய சொல்லோடு இருந்தால் இன்றைய அரசனுக்குச் சாதகம் என்று நினைக்க வேண்டாம். 2020 ஆகஸ்டில் பெலாரூஸின் தலைநகரமான மின்ஸ்கில் அரசு ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில் இரண்டு ஒலிப்பொறியாளர்கள் த்சோயின் அந்த 'மாற்றம்' பாட்டைப் போட்டார்கள். ஒரு சொல் மாற்றவில்லை. பத்து நாள் சிறை. பெலாரூஸ் முழுக்க அதே பாட்டைத்தான் மக்கள் தெருவில் பாடினார்கள். எழுதிய மனிதர் 1990லேயே விபத்தில் இறந்துவிட்டார், திருத்தித் தர ஆளில்லை. இருந்தும் அரசு பயந்தது. அன்றைக்கு நம்பியதை இன்றைக்கு அப்படியே பாடிக் காட்டினாலே போதும், ஏமாற்றியவன் யார் என்று கேட்கிறவனுக்குத் தெரிந்துவிடும். மாஸ்க்வா, கார்க்கி பூங்கா என்று நீங்கள் இன்று பாடினால் கேட்கிறவர் மனதில் முதலில் எழும் கேள்வி, 'அந்தக் காற்றை யார் நிறுத்தினார்கள்?' என்பதாகத்தான் இருக்கும்.

இந்தப் பாட்டை அமெரிக்க உளவுத்துறை எழுதிக் கொடுத்தது என்ற வதந்தியை வைத்து 2020இல் ஒரு ஒலித்தொடரே வந்தது. நீங்கள் மறுத்தீர்கள். நம்பாதவர்களுக்கு நாங்கள் காட்டக்கூடிய ஆதாரமும் அந்தத் தொடக்க வரிகள்தான். நதியும் பூங்காவும் ஆகஸ்டும் நேரில் இருந்தவன் எழுதுகிற விவரங்கள்.

இன்னொன்றும் நினைவூட்ட விரும்புகிறேன். பதிவு செய்த காலத்தில் அமெரிக்க நிறுவனத்துக்காரர்களுக்கு அந்தச் சீழ்க்கை பிடிக்கவில்லை, எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தீர்கள். பாட்டில் ஏதோ போய்விட்டது என்று உணர்ந்து திரும்ப வைத்தீர்கள். அந்தப் பிடிவாதத்தால்தான் இன்று உலகமே அந்தச் சீழ்க்கையை அடிக்கிறது. அதே காதோடு இந்த மாற்றத்தையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள் என்கிறேன்.

ஆகவே என் கோரிக்கைகளைச் சொல்கிறேன். வரும் கச்சேரிகளில் மூல வரிகளோடு பாட்டைத் தொடங்குங்கள். உக்ரைனுக்காக எழுதிய வரிகளை எடுக்க வேண்டாம், கிட்டார் சோலோ முடிந்த பிறகு தனிச் சரணமாக அதைச் சேர்த்துப் பாடுங்கள். ஐந்து நிமிடப் பாட்டு ஆறு நிமிடம் ஆனால் ரசிகர்கள் யாரும் எழுந்து போக மாட்டார்கள். எல்லா மேடையிலும் முடியாது என்றால் பெர்லினிலும் உங்கள் சொந்த ஊரான ஹனோவரிலுமாவது அப்படிப் பாடுங்கள். பாடுவதற்கு முன் உக்ரைனில் சாகிறவர்களைச் சொல்லும் அதே மூச்சில், போரை எதிர்த்து ரஷ்யச் சிறைகளில் இருப்பவர்களையும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். இந்தப் பாட்டை நீங்கள் ரஷ்ய மொழியிலும் பதிவு செய்தீர்கள். இன்று அதைக் கேட்க வேண்டியவர்களுக்குக் கிடைக்கும்படி மீண்டும் வெளியிடுங்கள். இவை எதுவும் முடியாது என்று முடிவெடுத்தால், ஏன் என்று பொதுவில் எழுதுங்கள். 1989இல் அந்த அரங்கத்தில் நின்றவர்களுக்கு அந்தப் பதிலைக் கேட்க உரிமை இருக்கிறது.

மடலைத் தமிழில் எழுதியதற்குக் காரணம், அந்த ஆண்டுகளில் மாஸ்கோவிலும் கீவிலும் லெனின்கிராதிலும் படித்த தமிழர்கள் இதைப் படித்துத் தங்கள் பெயரையும் சேர்க்க வேண்டும் என்பதுதான். ஜெர்மன் தெரிந்த ஒரு நண்பர் மொழிபெயர்த்துத் தருகிறார். சேர்கிற பெயர்களோடு அது உங்கள் நிர்வாக அலுவலகத்துக்குத் தபாலில் வரும்.

இப்படிக்கு,
1989 ஆகஸ்ட் 13 அன்று லெனின் அரங்கத்தில் இருந்த ஒரு ரசிகன்,
பாளையங்கோட்டை